பழியைத் தாம் ஏற்றவர் – பேராசிரியர் சதீஷ் தவான்

குற்றாலச் சாரலில் நனையாத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், தென்காசிக் கடைவீதி வரை அந்தச் சாரல் வந்து நம் முகத்தில் தெளிக்கும். பேரருவிக்குக் குளிக்கப் போன நாளில் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நீர் அளவோடு விழும்வரை யாவரும் ஆனந்தமாய்க் குளிப்பார்கள். பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டத் தொடங்கியதும், காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் விசிலை ஊதி எல்லோரையும் வெளியேறச் சொல்வார். அப்போதும் சிலர் நகர மாட்டார்கள். மழையே பெய்யவில்லையே, வெயில்தானே அடிக்கிறது, இன்னும் ஒரே நிமிஷம் என்று மன்றாடுவார்கள். மலையின் உச்சியில் பெய்துகொண்டிருக்கும் மழை அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

விசிலை நம்புவதா, நம் கண்ணை நம்புவதா? இந்தக் கேள்வி 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் காலையில், ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவில், நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் முன்னே வந்து நின்றது. அங்கே விசில் ஊதியது போலீஸ்காரர் அல்ல, ஒரு கணிப்பொறி. அதை மீறியதால் ஒரு பெரிய நஷ்டம் நேர்ந்தது. அந்த நஷ்டத்தின் பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு உலகத்தின் முன்னே நின்றார் ஒரு பெருந்தகை. அவர்தாம் பேராசிரியர் சதீஷ் தவான். இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் நீங்கள் எவரும் பிறப்பதற்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் கணிப்பொறியோடு வாழப்போகும் ஒவ்வொரு பெண்ணும் அவர் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

பிறப்பும் கல்வியும்

சதீஷ் தவான் 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் பிறந்தார். பிரிக்கப்படாத இந்தியாவில், லாகூர் நகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் கல்வி பயின்றார். அவர் பெற்ற பட்டங்களைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். முதலில் கணிதத்திலும் பௌதிகத்திலும் பி.ஏ. அடுத்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. அதற்குப் பின்னர் 1945-இல் இயந்திரப் பொறியியலில் பட்டம். கவிதையைப் படித்தவர் இயந்திரத்தையும் படித்தார். இலக்கியம் படிக்கும் பெண்ணுக்கு விஞ்ஞானம் எதற்கு, விஞ்ஞானம் படிக்கும் பெண்ணுக்குக் கதையும் கவிதையும் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அதன்பின் அவர் அமெரிக்கா சென்றார். 1947-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மன் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1951-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் செய்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? விமானம் பறக்கும்போது காற்று அதன் மேற்பரப்பை உரசி இழுக்கிறது. அந்த இழுப்பு மிக மிகச் சிறியது. அதை நேரடியாக அளப்பது கடினமான காரியம். அதை அளக்கும் நுட்பமான கருவி ஒன்றைத் தவான் உருவாக்கினார். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், கருவி செய்தவருக்குத்தான் கருவியின் குணம் தெரியும். தராசு சொல்லும் எடையை நம்புவதற்கு முன், தராசு சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக நிற்கிறது என்று கண்டபின், அது சொல்லும் எடை நமக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைவீதியில் பலசரக்கு வாங்கும் தாய்மார்கள் யாவரும் அறிந்த உண்மைதான் இது. விஞ்ஞானத்துக்கும் இதுவே அடிப்படை.

ஆசிரியர் தவான்

வெளிநாட்டில் நல்ல வாய்ப்புகள் இருந்தும் தவான் தாய்நாடு திரும்பினார். 1951-இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியில் சேர்ந்தார். ஒலியைவிட வேகமாய்க் காற்றைச் செலுத்தி விமானங்களின் மாதிரி வடிவங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தை நாட்டிலேயே முதன்முதலாக அங்கே அமைத்தார். 1962-இல், நாற்பத்திரண்டு வயதிலேயே, அக்கழகத்தின் இயக்குநரானார். 1981 வரை ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

அந்நாட்களில் நமது விண்வெளி முயற்சி மலைக்கு அப்பால் தொடங்கிக்கொண்டிருந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியே மலையைக் கடந்தால் கேரளம். திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் ஊர். பூமியின் காந்த மத்திய ரேகைக்கு மிக அருகில் இருந்ததால் டாக்டர் விக்ரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்தார். ஆனால் அங்கே புனித மகதலேன் மரியாள் ஆலயமும், அதைச் சுற்றி மீனவ மக்களின் வீடுகளும் இருந்தன. திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஆண்டகையிடம் அவர் வந்து கேட்டார். ஆயரும் பங்கு மக்களும் மனமுவந்து ஆலயத்தையும் நிலத்தையும் தந்தார்கள். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் வானில் பாய்ந்தது. அந்தப் பழைய ஆலயக் கட்டிடம் இன்று விண்வெளிப் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. தும்பாவில் அந்த ஆரம்ப நாட்களில் பணியாற்றிய இளைஞர்களில் ஒருவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்றவர்.

1971 டிசம்பர் 30-ஆம் நாள் சாராபாய் கோவளத்தில் திடீரென்று மறைந்தார். நாடு திகைத்தது. அப்போது விடுமுறையில் கலிபோர்னியாவில் இருந்த தவானை, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்கும்படி பிரதமர் இந்திரா காந்தி அழைத்தார். தவான் ஆசிரியப் பணியை விட்டுவிட விரும்பவில்லை. விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும் தாம் நீடிக்க வேண்டும், விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவ்விரண்டுக்கும் அரசு இசைந்தது. 1972-இல் அவர் தலைவரானார். 1984 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

விசில் ஒலித்த காலை

1975 ஏப்ரல் 19-இல் ஆரியபட்டா என்ற நம் முதல் துணைக்கோள் விண்ணில் ஏறியது. ஆனால் அதைச் சுமந்து சென்றது சோவியத் நாட்டு ராக்கெட். நம் துணைக்கோளை நம் ராக்கெட்டே ஏற்ற வேண்டும் என்பது தவானின் குறிக்கோள். அதற்காக எஸ்.எல்.வி-3 என்னும் ராக்கெட்டைச் செய்யும் பொறுப்பை அப்துல் கலாமிடம் ஒப்படைத்திருந்தார். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள் கொண்டது அந்த ராக்கெட். 40 கிலோ எடையுள்ள ஒரு சிறு துணைக்கோளை உயரே ஏற்றுவதற்கு அத்தனையும் தேவைப்பட்டது. பல நூறு பேர் பல ஆண்டுகள் இரவு பகலாய் உழைத்தார்கள்.

1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் காலை ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தயாராக நின்றது. ஏவும் முன் நேரத்தைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வருவார்கள். அந்த நேரத்தில் கணிப்பொறி ஒவ்வொரு உறுப்பையும் சோதித்துக்கொண்டே வரும். எல்லாம் சரியாயிருந்தால் அடுத்த படிக்குப் போகும். ஏதாவது குறை கண்டால் நிறுத்திவிடும். அன்று ஏவும் நேரம் நெருங்கிவிட்ட வேளையில் கணிப்பொறி வேலையை நிறுத்தியது. ஏவாதே என்பதே அதன் பொருள்.

காரணம் என்ன? இரண்டாம் அடுக்கை நேர்வழியில் செலுத்துவதற்கான கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கலாமின் அருகே தேர்ந்த நிபுணர்கள் இருந்தார்கள். அவர்கள் கணக்குகளைப் பார்த்தார்கள். கசிந்தது போக மிச்சமிருக்கும் அமிலம் பயணத்துக்குப் போதும் என்று கருதினார்கள். முடிவெடுக்க வேண்டியவர் கலாம். ஒரு பக்கம் கணிப்பொறியின் எச்சரிக்கை. மறு பக்கம் தாம் மதிக்கும் நண்பர்களின் அனுபவம். பல ஆண்டு உழைப்பு கண்முன்னே நிற்கிறது. நாடே காத்திருக்கிறது. அவர் கணிப்பொறியை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவும்படி சொன்னார்.

முதல் அடுக்கு நன்றாகவே வேலை செய்தது. கூடியிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். இரண்டாம் அடுக்கு எரியத் தொடங்கியதும் ராக்கெட் தடுமாறியது, கட்டுப்பாட்டை இழந்தது. புறப்பட்ட 317 விநாடிகளில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவில் வங்காள விரிகுடாவில் துணைக்கோள் வீழ்ந்தது.

பின்னர் ஆராய்ந்தபோது காரணம் தெளிவாயிற்று. ஏவுவதற்கு 8 நிமிஷம் முன்பு திறந்த ஒரு வால்வு, மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. அழுக்கு அடைத்துக்கொண்டதால் அது திறந்தபடியே நின்றுவிட்டது. அந்த வழியே அமிலம் கசிந்து தீர்ந்தது. வேண்டிய நேரத்தில் ராக்கெட்டைத் திருப்ப விசை இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மடையில் சருகு அடைத்துக்கொண்டு மடை மூடாமல் போவதில்லையா? அதுபோலத்தான் நடந்தது. பதினேழு டன் ராக்கெட்டைக் கடலில் சேர்க்க ஒரு துளி அழுக்கு போதுமானதாயிற்று.

கணிப்பொறி அன்று சொன்னது உண்மை. மனிதர்கள் போட்ட கணக்கு தவறு.

யார் பொறுப்பு?

அன்று கலாமின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். உறக்கமில்லாத களைப்பு, ஏமாற்றம், வெட்கம் எல்லாம் சேர்ந்து அவரை அழுத்தின. வெளியே பத்திரிகை நிருபர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் முன் போய் நிற்க அவருக்கு மனம் துணியவில்லை.

தவான் அவரைத் தனியே விடவில்லை. தாமே முன்னே நடந்தார். நிருபர்களின் கேள்விகளுக்கெல்லாம் தாமே பதில் சொன்னார். முயற்சி தோற்றது என்பதை மறைக்கவில்லை. நிறுவனத்தின் தலைவர் என்ற முறையில் தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். தம்முடைய குழுவினர் மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்றும், அடுத்த ஆண்டு வெற்றி கிட்டும் என்றும் உறுதியாய்ச் சொன்னார். ஏழை நாட்டின் பணத்தைக் கடலில் கொட்டிவிட்டார்கள் என்ற கண்டனங்கள் வந்தன. அவற்றையும் அவரே தாங்கிக்கொண்டார்.

அன்பு மாணவிகளே! தப்பித்துக்கொள்ள அவருக்கு எத்தனை வழிகள் இருந்தன என்று பாருங்கள். பொத்தானை அழுத்தச் சொன்னவர் அவரல்லர். கசிவு ஒரு பொருட்டல்ல என்று கருதியவரும் அவரல்லர். திட்ட இயக்குநரைக் கைகாட்டியிருக்கலாம். நிபுணர்களைக் கைகாட்டியிருக்கலாம். வால்வைக் கைகாட்டியிருக்கலாம். இயந்திரக் கோளாறு என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒருவரை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தபின், அந்த வேலை கெட்டால் கொடுத்தவரும் அதில் பங்காளி என்பது அவர் கொள்கை.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. அதை நாம் மறந்துவிடக் கூடாது. தலைவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்பதற்காக மற்றவர்கள் நிம்மதியாய்த் தூங்கிவிடவில்லை. குழுக்கள் அமைத்துத் தோல்வியின் காரணத்தை அணு அணுவாய் ஆராய்ந்தார்கள். முடிவுகளைத் தவான் முன்னிலையில் வைத்தார்கள். அனைவரும் அவற்றை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் கலாம் தாமாகவே எழுந்து நின்றார். கசிவு தெரிந்தபோதே ஏவுவதை நிறுத்தியிருக்க வேண்டும், அதை அற்பமென்று எண்ணியது தம்முடைய தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் பேச்சு மூச்சில்லை. தவான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கலாமை இன்னும் உயரத்துக்கு அனுப்பப்போவதாய்ச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வெளியாரின் கோபத்துக்குத் தலைவர் மார்பு காட்டினார். உள்ளே உண்மையைச் சொல்ல எவரும் அஞ்சவில்லை. தண்டனைக்குப் பயந்து எல்லோரும் வாயை மூடியிருந்தால் அந்த வால்வின் கதை வெளியே வந்திருக்குமா? அடுத்த ராக்கெட்டும் கடலுக்குத்தானே போயிருக்கும்!

மறு ஆண்டு

1980 ஜூலை 18-ஆம் நாள் காலை எஸ்.எல்.வி-3 மீண்டும் புறப்பட்டது. இம்முறை 35 கிலோ எடையுள்ள ரோகிணி துணைக்கோளைச் சரியான பாதையில் சேர்த்தது. சொந்த ராக்கெட்டில் துணைக்கோளை ஏற்றிய விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளில் இந்தியாவும் ஒன்றாயிற்று. நிருபர்கள் மறுபடியும் கூடினார்கள். அன்று தவான் என்ன செய்தார் தெரியுமா? கலாமை அழைத்து, இன்று நீங்களே போய்ப் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டுத் தாம் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

தோல்வி வந்தபோது முன்னே நின்றவர், வெற்றி வந்தபோது பின்னே நின்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கலாம், சென்ற இடமெல்லாம் மாணவர்களுக்கு இந்த நிகழ்ச்சியைச் சொல்லிவந்தார். தலைமை என்றால் என்ன என்பதைத் தாம் கற்றது எந்தப் புத்தகத்திலும் அல்ல, அந்த இரண்டு நாட்களில்தான் என்பது அவர் கருத்து.

கணிப்பொறியும் நாமும்

அப்படியானால் கணிப்பொறி சொல்வதை எப்போதும் கேட்டு நடந்தால் போதுமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு விடை வேறொரு நாட்டில் இருக்கிறது.

இங்கிலாந்தில் சிறு ஊர்களில் தபால் நிலையங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்தினர், கடை வைத்திருப்பவர்கள். 1999 முதல் அவர்களுடைய வரவு செலவுக் கணக்கெல்லாம் ஹொரைசன் என்னும் கணிப்பொறி முறைக்கு மாற்றப்பட்டது. சில நாட்களில் பலருடைய கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. நாங்கள் ஒரு காசும் எடுக்கவில்லை என்று அவர்கள் கதறினார்கள். மேலிடத்தார் கேட்கவில்லை. கணிப்பொறி பொய் சொல்லாது, ஆகவே நீங்கள்தாம் திருடியிருக்க வேண்டும் என்றார்கள். 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிடப்பட்டார்கள். சிலர் சிறைக்குச் சென்றார்கள். கருவுற்றிருந்த ஒரு தாயும் அவர்களில் ஒருவர். சொத்தை இழந்தவர்கள் பலர். மானத்துக்கு அஞ்சி உயிரையே விட்டவர்களும் உண்டு. தவறு கணிப்பொறி முறையிலேயே இருந்தது என்பதை 2019-இல் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024-இல் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை நீக்கினார்கள். இழந்த ஆண்டுகளை எந்தச் சட்டத்தால் திருப்பித் தர முடியும்?

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் கணிப்பொறி சொன்னது சரி, மனிதர் கேட்கவில்லை. இங்கிலாந்தில் கணிப்பொறி சொன்னது தவறு. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினர். ஆகவே கணிப்பொறியை எப்போதும் நம்பு என்பதும் சரியல்ல. ஒருபோதும் நம்பாதே என்பதும் சரியல்ல. கணிப்பொறி ஒரு சாட்சி. சாட்சி சொல்வதைக் கவனமாய்க் கேட்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறது என்று விசாரிக்க வேண்டும். தீர்ப்புச் சொல்வது மனிதரின் கடமை. அந்தத் தீர்ப்பின் விளைவைச் சுமப்பதும் மனிதரின் கடமை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு ராக்கெட் போயிற்று. ஒரு மனிதரின் மானமும் போகவில்லை. தலைவர் பொறுப்பேற்றார். இங்கிலாந்தில் ராக்கெட் எதுவும் விழவில்லை; நூற்றுக்கணக்கான குடும்பங்கள் விழுந்தன. அங்கே மேலே இருந்தவர்கள் பொறுப்பைக் கீழே தள்ளினார்கள்.

இது ஏதோ தூர தேசத்துச் செய்தி என்று எண்ணாதீர்கள். வயலிலும் பீடிச் சுற்றிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரலை ஒரு பாட்டி கருவியின்மேல் வைக்கிறாள். கருவி ஏற்கவில்லை. உங்கள் ரேகை விழவில்லை, போய்விட்டு நாளைக்கு வாருங்கள் என்று பதில் வருகிறது. பாட்டி தன் விரலையே நொந்துகொண்டு வெயிலில் நடக்கிறாள். கருவியின் குறை அவளுடைய குற்றமாக மாறிவிட்டது. கருவி ஏற்காவிட்டால் வேறு வழி என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்து உதவுகிறவரே தம் வேலையை உண்மையில் செய்தவர். கணிப்பொறி சொல்லிவிட்டது என்பது பதிலாகாது. அதற்குப் பின்னால் ஒருவர் எழுந்து, நான் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

இறுதி நாட்கள்

தவானின் தலைமையில் விண்வெளி நிறுவனம் ஆலமரமாய் வளர்ந்தது. தோல்விகள் அதன் பின்னும் வந்தன. 1982-இல் ஏறிய இன்சாட்-1ஏ துணைக்கோள் சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983-இல் இன்சாட்-1பி வெற்றி கண்டது. அதன் பயனாய்த் தொலைக்காட்சி சிற்றூர்களுக்கும் பரவியது. வானிலைப் படங்கள் கிடைத்தன. 1981-இல் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்த பழவேற்காடு ஏரியில் இறங்கும் பறவைகளை நேசித்தவர் அவர். பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்து 1991-இல் ஒரு நூலும் வெளியிட்டார். மனிதர் செய்த ராக்கெட்டுகளோடு வாழ்நாளைக் கழித்தவர், இறைவன் படைத்த சிறகுகளைப் பார்த்து முதுமையில் வியந்துகொண்டிருந்தார்.

2002 ஜனவரி 3-ஆம் நாள் பெங்களூரில் அவர் காலமானார். அதே ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் சூட்டினார்கள். எந்த இடத்தில் தோல்வியின் பழியைத் தாங்கினாரோ, அந்த இடமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு ஒரு சொல்

அன்பு மாணவிகளே! நம் குற்றால மலை அப்படியே தெற்கே நீண்டு செல்கிறது. அந்த மலைத்தொடரின் தென்கோடியில், பணகுடிக்கு அருகே மகேந்திரகிரியில், ராக்கெட் என்ஜின்களை எரித்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், மத்தளம்பாறையில், நம் ஊர்ப் பிள்ளைகள் அமர்ந்து உலகம் முழுவதற்கும் கணிப்பொறி மென்பொருள் எழுதுகிறார்கள். நாளை உங்களில் பலர் அத்தகைய இடங்களில் வேலைக்கு அமர்வீர்கள். சிலர் மருத்துவமனையிலும், வங்கியிலும், அரசு அலுவலகத்திலும் கணிப்பொறியின் முன் உட்காருவீர்கள். நீங்கள் எழுதும் ஒரு வரியை, நீங்கள் அழுத்தும் ஒரு பொத்தானை நம்பி முகம் தெரியாத ஒருவர் காத்திருப்பார்.

2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு அருவிகளில் எச்சரிக்கைக் கருவிகள் அமைப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. நல்லதுதான். ஆயினும் கருவி அமைத்துவிட்டால் மட்டும் போதாது. அதில் அடைத்த சருகை யார் எடுப்பது? அது வேலை செய்கிறதா என்று தினமும் யார் பார்ப்பது? அது ஒலித்தபோது, வெயில்தானே அடிக்கிறது என்று சொல்லாமல் கூட்டத்தை யார் வெளியேற்றுவது? ஒருநாள் அது ஒலிக்கத் தவறினால், நான் கவனித்திருக்க வேண்டும் என்று முன்வந்து சொல்பவர் யார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடையாக ஒரு மனிதர் நிற்காத இடத்தில் எந்தக் கருவியையும் நம்ப முடியாது.

வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அடுப்பைக் குறை சொல்லாமல், நான் பார்க்காமல் இருந்துவிட்டேன் அம்மா என்று சொல்லிப் பழகுங்கள். வகுப்பில் குழுவாய்ச் செய்த வேலை கெட்டால், தலைவியாய் இருப்பவள் முதலில் எழுந்து நிற்கட்டும். பரிசு கிடைத்தால் தோழியை முன்னே அனுப்பட்டும். சதீஷ் தவான் ஸ்ரீஹரிகோட்டாவில் செய்ததும் இவ்வளவுதான். இதைச் செய்யும் பெண்கள் நம் பள்ளியிலிருந்து புறப்பட்டுப் போனால், அவர்கள் கைப்பட்ட கணிப்பொறிகளை உலகம் தைரியமாய் நம்பலாம்.